கடலுக்குள் கேட்கும் மணி: டெல்டாவின் பழைய தேவாலயங்களும் திகில் கதைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறையாரில் பிறந்தவன் நான். அப்பா வழி லுத்தரன் சபை, அம்மா வழி கத்தோலிக்கம். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று யார் தரங்கம்பாடி பார்க்க வந்தாலும் கூட நடப்பது என் வேலை என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. கோட்டையைப் பார்த்து முடித்து, ராஜ வீதியில் புதிய எருசலேம் கோயில் வாசலுக்கு வந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "இங்க ஏதோ இருக்காமே?"

அப்படிக் கேட்டவற்றோடு தஞ்சாவூர், திருச்சி, நாகப்பட்டினம் பக்கத்துக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கதை எது, நடந்தது எது என்று முடிந்தவரை பிரித்திருக்கிறேன். இந்தக் கதைகளில் வருகிறவர்கள் ஒரு காலத்தில் நம் தெருவில் நடந்த மனுஷர்கள். அவர்களைப் பற்றிச் சரியாகப் பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தரங்கம்பாடியில் நள்ளிரவில் கடலுக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்கும் என்கிறார்களே, உண்மையா?

என் அப்பாயி கேட்டதாகச் சொல்வார். "கடல் கொண்டுபோன கோயில்ல இன்னும் பூசை நடக்குது, அதான் மணி" என்பார். எந்தக் கோயில் என்று கேட்டால், "எல்லாக் கோயிலும்தான்" என்பார். சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை.

இந்தக் கரையில் கடல் உண்மையாகவே கோயில்களைக் கொண்டுபோயிருக்கிறது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் முன்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அலைக்குள் போனதை ஊரில் பல தலைமுறை பார்த்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்) 1707-ல் கட்டிய முதல் எருசலேம் கோயிலும் கடலுக்குப் போனதுதான். இப்போது ராஜ வீதியில் நிற்பது அதற்குப் பிறகு, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். பெயரில் இருக்கும் 'புதிய' என்ற சொல்லுக்குள் பழையது ஒன்று போன துக்கம் இருக்கிறது. அப்பாயி சொன்ன 'எல்லாக் கோயிலும்' சிவன் கோயிலையும் சேர்த்துத்தான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

சத்தத்துக்கு வேறு காரணமும் உண்டு. விடியற்காலை மூன்று, நாலு மணிக்குத் தொழிலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கச்சான், அதாவது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற மேல்காற்று, வீசும் நேரத்தில் கரையில் அடிக்கிற மணி, பாங்கு, சினிமாப் பாட்டு எல்லாமே கடலில் வெகுதூரம் வரும். குளிர்ந்த இரவுக் காற்றில் சத்தம் மேலே போய்க் கரையாமல் நீர்மட்டத்தை ஒட்டியே பரவும். சுற்றிலும் இருட்டு, தண்ணீர். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. கீழேயிருந்து வருகிற மாதிரியே இருக்கும். எனக்கும் ஒருமுறை அப்படிக் கேட்டது. காரணம் தெரிந்திருந்தும் உடம்பு சிலிர்த்தது.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே பிணம் புதைத்திருக்கிறதாமே? அதனால்தான் அங்கே ஏதோ நடமாடுகிறது என்கிறார்கள்?

'பிணம்' என்று சொல்ல மனசு வரவில்லை. பீடத்தின் அருகே அடக்கமாகியிருப்பவர் சீகன்பால்கு ஐயர். அதே கோயிலுக்குள் அவருடைய தோழர் கிரூண்ட்லரும் இருக்கிறார். கோயிலைக் கட்டியவரையோ, சபைக்குத் தலைமையாக இருந்தவரையோ உள்ளேயே அடக்கம் செய்வது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். டெல்டாவின் பழைய கோயில்கள் பலவற்றில் தரையில் கல்லறைப் பலகை இருப்பதற்கு அதுதான் காரணம்.

1706 ஜூலை 9-ஆம் தேதி அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கும்போது வயது 24 கூட நிறையவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர் என்பார்கள். அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. 1708-ல் இங்கிருந்த டேனிஷ் தளபதியே அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் வைத்தார். அச்சுக்கூடம் வந்தது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கு ஒரு பட்டறையும் வைத்தார்கள். பொறையாருக்குப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்ற இடம் அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 1718 அக்டோபர் 11-ல் புதிய ஆலயம் பிரதிஷ்டை ஆனது. நாலரை மாதம்தான், 1719 பிப்ரவரி 23-ல் அவர் போய்ச் சேர்ந்தார். வயது 36.

பேய்க் கதை கேட்க வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்த் தெய்வங்களையும் கிராம தேவதைகளையும் பேய்களையும் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, 1713-ல் ஒரு பெரிய நூலாக ஜெர்மனிக்கு அனுப்பியவரே இவர்தான். அதை அச்சிட அங்கிருந்த மேலிடம் இணங்கவில்லை. புத்தகமாக வந்தது 1867-ல், சென்னையில்; அவர் இறந்து ஏறத்தாழ 150 வருஷம் கழித்து. தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் கைப்பட எழுதிய பதில்களை வாங்கி மொழிபெயர்த்தும் வைத்தார்கள். நீங்கள் இப்போது என்னிடம் கேட்பதைப் போல அந்த மனுஷரும் இதே தெருக்களில் "இது என்ன பேய், ஏன் இதற்குப் பயப்படுகிறீர்கள்" என்று கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அவரையே பேயாக்கிப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

உள்ளே போனால் ஒரு நிமிஷம் கல்லறைப் பக்கம் நில்லுங்கள். வெளியே வந்து முகப்பைப் பாருங்கள். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரையெழுத்தும் மேலே கிரீடமும் இருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு பாதிரியார் சவப்பெட்டிக்குள்ளிருந்து பாடினாராமே?

சுவார்ட்ஸ் ஐயர். டெல்டாவின் கிறிஸ்தவக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜெர்மன் பாட்டுகளின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வரைக்கும் இந்தக் கதை போயிருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று எண்ணி, அவரோடு ஊழியம் செய்த கெரிக்கே ஐயரும் மற்றவர்களும் உடலைச் சுற்றி நின்று அவருக்குப் பிரியமான ஞானப்பாட்டைப் பாடுகிறார்கள். முதல் அடிகளில் அசைவில்லை. பாட்டு மேலே போகப்போக, ஒரு குரல் கூடச் சேர்கிறது. உதடு அசைகிறது. பாடுவது செத்தவர்! சிலர் இதைப் படுக்கையில் நடந்ததாகச் சொல்வார்கள், சிலர் சவப்பெட்டிக்குள் என்பார்கள். சொல்லச் சொல்லப் பெட்டியின் மூடியும் இறுகிக்கொண்டே போகிறது.

நடந்தது இதுதான். கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சியிலும் பிறகு தஞ்சாவூரிலும் வாழ்நாள் முழுக்க இருந்துவிட்டார்; திரும்பிப் போகவே இல்லை. 1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் இறந்தார். நோயில் கிடந்த கடைசி நாட்களில் சுற்றியிருந்தவர்கள் பாடும்போது அவரும் சேர்ந்து பாடியிருக்கிறார். கதையின் விதை அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். மயங்கிக் கிடந்த கிழவர் பாட்டைக் கேட்டு முனகியிருந்தால், அதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அடக்கத்தன்று நடந்ததாக எழுதிவைத்திருப்பது இதைவிட மனசைப் பிசைகிறது. உடலைக் கோயிலுக்கு எடுத்துப்போகும்போது பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. தோட்டம் முழுக்கத் திரண்டிருந்த ஏழைகளின் அழுகையில் பாட முடியவில்லை. இளவரசராக இருந்த சரபோஜி, முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அடக்கத்தை நிறுத்திவைக்கச் சொல்லி, வந்து அழுது, பொன்சரிகைத் துணி போர்த்தினார். அந்த வருஷமே அரசரானார். பிறகு ஐயருடைய கல்லறைக்கு அவரே ஆங்கிலத்தில் செய்யுள் எழுதினார். உறுதியும் பணிவும் அறிவும் உடையவர், அனாதைகளுக்குத் தந்தை, விதவைகளுக்குத் துணை என்று போகும் அது.

செத்தவர் பாடினார் என்கிறது கதை. அழுகையில் பாட்டே எழவில்லை என்கிறது குறிப்பு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பாட முடியாமல் போன பாட்டை யாரோ பாடி முடித்தாக வேண்டும் என்று ஊர் ஏங்கியிருக்கிறது, அவரையே பாட வைத்துவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779-ல் அவர் கட்டிய கோயில் இருக்கிறது. உள்ளே இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம். படுக்கையில் சுவார்ட்ஸ், சரபோஜி அருகில் நின்று கையைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் குழந்தைகள். பெரிய கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நடந்தே போய்விடலாம். தயவுசெய்து போங்கள்.

திருச்சியில் குளியல் தொட்டியில் செத்த பிஷப்பின் ஆவி?

திருச்சியில் படித்த நாளில் ஹாஸ்டலில் இதைச் சொல்லித்தான் புதுப் பையன்களைப் பயமுறுத்துவார்கள்: நடுநிசியில் யாரோ தண்ணீரில் முங்கி எழும் சத்தம் என்று. கதைக்கு ஆதாரமான சாவு உண்மை. கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826-ல் தெற்கே சுற்றுப்பயணம் வந்தார். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் பிரசங்கம் செய்து, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். எட்டே நாள். ஏப்ரல் 3, திருச்சி வெயில். காலை ஆராதனை முடிந்து வந்து, தங்கியிருந்த வீட்டின் ஆழமான குளியல் தொட்டியில் இறங்கியவர் வெளியே வரவில்லை. நேரமாகிறதே என்று பார்க்கப்போன வேலைக்காரர்தான் அவரைக் கண்டார். கொதித்த உடம்பு திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கிய அதிர்ச்சி என்றார்கள். வயது 42. தூய யோவான் ஆலயத்தில் அடக்கம்.

சித்திரை வெயிலில் சுற்றிவிட்டு வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றாதே என்று நம் வீட்டில் சொல்வார்களே, அந்தச் சாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது காதில் விழும்.

கோட்டையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டாமே?

பழைய கட்டிடம் இருக்கிற ஊரிலெல்லாம் இந்தக் கதை உண்டு. தரங்கம்பாடியைப் பொறுத்தவரை யோசித்துப் பாருங்கள்: கடலோர மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதற்குள் ஆள் நடக்கிற பாதையை எப்படிக் காப்பாற்றுவது? 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையில் கீழ்த்தளம் இருக்கிறது. சரக்கறை, சாராய அறை, சிறை எல்லாம் அங்கேதான். இருட்டு வளைவுகளைப் பார்த்தவர்கள் அவை எங்கோ போகின்றன என்று நினைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

வேளாங்கண்ணியின் கதைகளும் இந்த வரிசையில் வருமா?

திகில் என்று சொல்ல மாட்டேன். பக்தர்களுக்கு அவை காட்சிகள். எனக்கும் அப்படித்தான். பால் கொண்டுபோன சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் அசந்து தூங்கியபோது, கையில் குழந்தையோடு வந்த பெண் பால் கேட்டதும், கொடுத்த பிறகும் கலயம் நிரம்பி வழிந்ததும் ஒரு கதை. அந்தக் குளம்தான் மாதா குளம். நடுத்திட்டில் மோர் விற்ற கால் முடியாத பையன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடியது இரண்டாவது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் செப்டம்பர் 8-ல் கரை சேர்ந்தது மூன்றாவது. அந்த மாலுமிகள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதித்திருக்கிறார்கள். இந்தத் தேதிக்காகத்தான் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா.

ஆனால் இப்போது அங்கே கேட்கிற வேறு கதைகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், யாத்திரிகர்கள் கடற்கரையில் நிறைந்திருந்தார்கள். ஆழிப்பேரலையில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் போனார்கள். வேளாங்கண்ணிக் கரையிலேயே நூற்றுக்கணக்கானோர். தண்ணீர் கோயிலுக்குள் வரவில்லை. அதைப் புதுமை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதில் அது எப்படி விழும் என்று நினைத்து நான் வாயைத் திறப்பதில்லை. இரவில் கடற்கரையில் அழுகுரல் கேட்கிறது என்று வீடியோ போடுகிறவர்களிடம் நான் சொல்வது இது: அந்த அழுகையை நேரில் கேட்டவர்கள் இன்னும் அதே கரையில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இதை விற்காதீர்கள்.

ஏலாக்குறிச்சி சேற்றுக் கதை என்ன?

கொள்ளிடத்தின் வடகரை. வீரமாமுனிவர் இந்த ஊரைத் திருக்காவலூர் என்றார். அடைக்கல மாதா மேல் கலம்பகம் பாடினார். அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை என்ற பெரிய கட்டி கண்டு வைத்தியர்கள் கைவிட்டபோது, முனிவர் அந்த மண்ணில் ஊறிய சேற்றை எடுத்துப் பூசிக் குணமாக்கினார் என்பது மரபு. அம்மாயி வீட்டில் இந்தச் சேறு ஒரு சின்ன டப்பாவில் காய்ந்து, பொடியாகி, பொட்டுக்கடலை மாவு மாதிரி இருந்தது. பரீட்சைக்குப் போகும் முன் நெற்றியில் தொட்டு வைப்பார். பரீட்சைத் தாளில் அதன் தூசி விழுந்து கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேய் பிடித்தவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது உண்டா?

உண்டு. அந்தோணியார் கோயில்களில் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பார்க்கலாம். தலைவிரித்து ஆடுகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, ஆடி ஓய்ந்த மருமகளின் தலையைத் தன் மடியில் வைத்து, வியர்வையைத் துடைத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கவனிப்பு என்றைக்காவது கிடைத்திருக்குமா என்று யோசித்தேன். ஜெபத்தோடு சேர்த்து மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள் என்பதே நான் சொல்வது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதை எந்தச் சாமியும் கேட்கவில்லை.

நீங்களே எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

பத்தொன்பது வயதில். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சீரியல் பல்பு கட்டுவதற்காக நாலு பேர் எங்கள் கோயிலுக்குள் தங்கினோம். ஒரு மணி இருக்கும். மணிக்கூண்டுப் பக்கம் 'ஸ்ஸ்ஸ்' என்று யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுகிற சத்தம். பிறகு ஒரு கிறீச்சல். ஏணியில் நின்றவன் குதித்தே விட்டான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வந்து டார்ச்சை மேலே அடித்தார். உத்திரத்தில் வெள்ளை முகம், நெஞ்சாங்குலை வடிவத்தில். இரண்டு கறுப்புக் கண்கள் எங்களையே பார்க்கின்றன. சாக்குருவி. கூகை என்று புத்தகத்தில் எழுதுவோமே, அது. குஞ்சு பொரித்திருந்தது.

வெள்ளைக்காரத் துரைசாணி மணிக்கூண்டில் நிற்கிறாள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அன்றைக்குத் துரைசாணியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். டெல்டா விவசாயிக்கு இந்தப் பறவை தெய்வம் மாதிரி. இது உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்றுதானே வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கிறோம்? பயந்து கூட்டைக் கலைத்துவிடாதீர்கள்.

இரவில் போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். இவை ஆராதனை நடக்கிற கோயில்கள். கல்லறைத் தோட்டங்களில் பழைய கட்டைச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் நிற்பவை. ஏறி உட்கார்ந்தால் பெயரும். திகில் காட்சிக்காகக் கல்லறைப் பலகை மேல் மெழுகை உருக்கி ஊற்றியிருந்ததை ஒருமுறை பார்த்தேன். எழுத்துக் குழிக்குள் மெழுகு இறங்கிவிட்டது. மூங்கில் குச்சியால் எடுக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. எடுத்து முடித்தபோது தெரிந்தது, அது கைக்குழந்தையின் கல்லறை.

மங்கிய கல்லெழுத்தை எப்படிப் படிப்பது?

சாயங்காலம் சாய்வெயிலில் போங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். வெறும் தண்ணீர் தொட்டுத் துடைக்கலாம். சாக்பீஸ், கரி, பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது.

வாரிசு இல்லாத டேனிஷ்காரர், டச்சுக்காரர் கல்லறைகளுக்கு யாராவது மெழுகுத்திரி ஏற்றுவார்களா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் வந்து பாருங்கள். புல் செதுக்கி, வெள்ளையடித்து, செவ்வந்திப்பூ போட்டு, ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். அம்மாயி உயிரோடு இருந்தவரை கணக்குக்கு இரண்டு மெழுகுத்திரி கூடுதலாக வாங்குவார். தாத்தாவுக்கு ஏற்றி முடித்ததும், பெயர் அழிந்துபோன ஏதாவது ஒரு கல்லைத் தேடிப்போய், காற்றுக்கு முந்தானையை மறைப்புப் பிடித்துக்கொண்டு ஏற்றுவார். "யாரு ஆத்தா இது?" என்று கேட்டேன். "தெரியல. கப்பல்ல வந்த பிள்ள. ஊருக்குப் போக முடியாமப் போச்சு" என்றார். இப்போது அந்த இரண்டை நான் வாங்குகிறேன்.